வெர்னிக்குக்காக நின்றவள்

சார், சார்... அந்தச் சேர் வேணாம். தப்பா நினைக்காதீங்க. இந்தப் பக்கம் வாங்க, இந்த சோபாவுல உக்காருங்க. விக்கிறதுக்குப் போட்டிருக்கிறதுதான், உக்காரலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாய்ங்க. நான் ஆறரை மணியில இருந்து இங்கதான் இருக்கேன். வீட்டுக்காரம்மா வாஷிங் மெஷின் பாக்குறாங்களா? அப்ப நிம்மதியா உக்காருங்க. மேல தொறக்குறதா முன்னாடி தொறக்குறதான்னு முடிவு பண்ணவே அரை மணி நேரம் ஆகும். அப்புறம் கலர் வேற இருக்கு.

டென்னிஸ் பாப்பீங்களா? இல்லையா. பரவால்ல, ஒண்ணும் கஷ்டமில்ல. இது விம்பிள்டன் பைனல். லண்டன்ல புல்லுத் தரையில நடக்குறது. அந்தா, தலையில பட்டை கட்டியிருக்கான் பாருங்க, தாடி லேசா நரைச்சிருக்கு, அவன்தான் நம்மாளு. பேரு வெர்னிக். செக் நாட்டுக்காரன். முப்பத்தாறு வயசு ஆச்சு. எதுத்து ஆடுறது பெரால்டான்னு ஒரு அர்ஜென்டினாக்காரப் பய, இருபத்தொண்ணு வயசுதான், மான் மாதிரி ஓடுறான். ஆறு கேம் எடுத்தா ஒரு செட்டு, மூணு செட்டு ஜெயிச்சா கப்பு. நம்மாளு ரெண்டு ஜெயிச்சுட்டான். இது மூணாவது. இப்ப ரெண்டுக்கு ஒண்ணு அவனுக்கு, நம்மாளு சர்வீஸ். இதோட ஆட்டத்தை விட்டுர்றேன்னு அவனே சொல்லிட்டான். இதை விட்டா இனி அவனுக்கு விம்பிள்டன் கிடையாது.

எத்தனை டி.வி. இருக்குன்னு எண்ணுனேன். இருபத்திமூணு. எல்லாத்துலயும் நம்மாளுதான். அந்தச் சிவப்புச் சட்டை போட்ட சேல்ஸ் பிள்ளை மூணு தடவை வந்து, "சார் எத்தனை இஞ்ச் பாக்குறீங்க?"ன்னு கேட்டுட்டுப் போயிருச்சு. நாப்பத்திமூணுன்னு சொல்லி வச்சிருக்கேன். பாவம், நல்ல பிள்ளை. எனக்கு வாங்குற எண்ணம் இல்லைன்னு அதுக்கும் தெரிஞ்சுபோச்சுன்னு நினைக்கிறேன்.

வீட்ல டி.வி. இருக்கு சார். நல்ல டி.வி. அதைப் பத்திச் சொல்றேன் இருங்க.

எம் பேரு சோலைமலை. இந்தத் திண்டுக்கல்லயே ஈ.பி. ஆபிஸ்ல இருந்து ரிட்டயர் ஆனேன். நான் ராக்கெட்டைப் புடிச்சதே இல்ல. எங்க எஸ்.இ. ஒருத்தர், பெரிய இன்ஜினியரு, சாயங்காலம் ஆபிசர்ஸ் கிளப்புல ஆடுவாரு. செம்மண் கோர்ட்டு. ஸ்கோர் சொல்றதுக்கு ஆள் வேணும்னு என்னைய உயரமான சேர்ல ஏத்தி விட்டுட்டாரு. அஞ்சு வருசம் அந்தச் சேர்ல உக்காந்து பித்துப் புடிச்சதுதான். புல்லுக் கோர்ட்டை இன்னைக்கு வரைக்கும் நேர்ல பாத்ததில்ல. ஆனா புல்லுல பந்து எப்படி வழுக்கும், எப்படித் தாழ்ந்து போகும்னு எங்கிட்டக் கேளுங்க. முத வாரம் பச்சைப் பசேல்னு இருக்கும். இப்பப் பாருங்க, கோட்டு ஓரமெல்லாம் தேஞ்சு மண்ணாயிருச்சு.

அடிச்சான்! ஏஸ்! பயலால தொடக்கூட முடியல. பாத்தீங்களா, நீங்க வந்து உக்காந்த நேரம். ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? இந்த செட்டு முடியுற வரைக்கும் எந்திரிக்காதீங்க.

என்னடா கிறுக்கன்கிட்ட மாட்டிக்கிட்டோமேன்னு பாக்குறீங்க. ராசின்னு ஒண்ணு இருக்கு சார். கிரிக்கெட் பாக்குற வீடுகள்ல போயிப் பாருங்க, விக்கெட் விழுந்துருமோன்னு ஒண்ணுக்குப் போகாம உக்காந்திருப்பாய்ங்க. இடத்தை மாத்தக் கூடாது. யாரு எங்க இருந்தப்ப ஜெயிக்க ஆரம்பிச்சானோ அவங்க அங்கதான் இருக்கணும். எங்க வீட்ல எனக்கு ஹால்ல மூங்கில் சேர். சொர்ணத்துக்கு சமையக்கட்டு வாசல்.

சொர்ணம், எங்க வீட்ல. நாப்பத்தோரு வருசம் ஆச்சு கல்யாணமாகி.

பதினஞ்சு வருசத்துக்கு முன்னாடி இந்த வெர்னிக்கு பொடிப்பயலா மொத மொத ஆட வந்தான். அன்னைக்கு சொர்ணம் காப்பி எடுத்துக்கிட்டு வந்து எம் பக்கத்துல உக்காந்தா. அதுவரைக்கும் நல்லா ஆடிக்கிட்டிருந்தவன் வரிசையா நாலு கேம் விட்டான். அடுப்புல பால் இருக்குன்னு எந்திரிச்சுப் போனா. அடுத்த கேம் இவன் எடுத்தான். திரும்பி வந்தா. நான் கையைக் காட்டி அங்கயே நிப்பாட்டிட்டேன். சமையக்கட்டு நிலையைப் புடிச்சுக்கிட்டு நின்னா. மேட்ச்சு நம்ம கைக்கு வந்துருச்சு. அன்னையில இருந்து அதான் அவ இடம்.

வருசத்துக்குப் பதினாலு நாள். அதுலயும் வெர்னிக்கு ஆடுற நாள் மட்டும்தான். என்ன பெரிய கஷ்டம்? கட்டாயப்படுத்துனேன்னு நினைச்சுராதீங்க. ஒரு நாளாவது மாட்டேன்னு சொல்லியிருப்பாளா? சொன்னதில்ல. அவளுக்கு டென்னிஸ்ல ஆர்வமும் கிடையாது, ஒரு ஸ்கோர் கேட்டதில்ல. சும்மா நிப்பா. நடுவுல முட்டி வலின்னா. நானே போயி ஸ்டூல் வாங்கிட்டு வந்தேன், பிளாஸ்டிக் இல்ல, மர ஸ்டூல். ஆனா பாருங்க, அவ அதுல உக்காந்தா இவன் சர்வீஸ் போயிருது. ரெண்டு தடவை பாத்தாச்சு. அப்புறம் அந்த ஸ்டூல்ல குக்கரைத் தூக்கி வச்சுட்டா. அவளா வச்சதுதான், நான் சொல்லல.

மூணுக்கு ரெண்டு அவனுக்கு. கவலைப்படாதீங்க, அடுத்தது நம்மாளு சர்வீஸ்.

ரெண்டு தடவை பைனல் வந்து தோத்திருக்கான். ஏன்னு கேளுங்க. ஒரு தடவை இவ நாலாவது செட்ல பாத்ரூம் போயிட்டா. இன்னொரு தடவை அவ அம்மா தவறிப்போயி பதினாறாம் நாள் காரியத்தை ஞாயித்துக்கிழமை வச்சுட்டாய்ங்க. பைனல் அன்னைக்கு! நான் காலையில போயி தலையைக் காட்டிட்டு மத்தியான பஸ்ல திரும்பிட்டேன். இவளால வர முடியல. வாசல்ல ஆள் இல்ல. நேர் செட்ல போச்சு. இதை நான் அவகிட்டச் சொல்லிக் காட்டுனதே இல்ல சார். ரெண்டு மூணு தடவை சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

எதுக்கு இதெல்லாம் சொல்றேன்னா, இந்த வருசம் அவ செஞ்ச வேலையை நீங்களே கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க. சீசன் நடுவுல கிளம்பி ஓசூர் போயிட்டா. மக உமா வீட்டுக்கு. முத ரவுண்டு முடிஞ்ச மறுநாள் காலையில! ஆகஸ்டு மாசம் போயிருக்கலாமில்ல? ஆகஸ்டு முழுக்கச் சும்மாதான இருக்கோம்?

மூணுக்கு மூணு. இப்ப அவன் சர்வீஸ். அவன் போடுற கேமை நம்மாளு புடுங்கிட்டா அதான் ஒடைக்கிறது, இதை ஒடைச்சா கதை முடிஞ்சுது. இருங்க, இந்தப் பாயிண்டைப் பாருங்க. பேக்ஹேண்ட்ல வெட்டி விடுறான் பாருங்க, தரையோட தரையாப் போகும். பய குனிஞ்சு எடுக்கணும். எடுக்க முடியாது... எடுக்க முடியல! பதினஞ்சு-நாப்பது. ரெண்டு சான்ஸ் இருக்கு.

பய நெட்டுல அடிச்சுட்டான்! ஒடைச்சாச்சு சார், நாலுக்கு மூணு! நான் சொல்லல? நீங்க அசையாதீங்க. தண்ணி வேணுமா? அந்தப் பிள்ளைகிட்டக் கேக்குறேன். வேணாமா, சரி.

எங்க விட்டேன். முத ரவுண்டு. செவ்வாய்க்கிழமை. மூணரைக்கு ஆரம்பிச்ச மேட்ச்சு. நம்மாளு ரெண்டு செட்டு ஜெயிச்சு, ரெண்டு செட்டு தோத்து, அஞ்சாவது செட்டும் ஆறுக்கு ஆறு வந்து டை-பிரேக்குல நிக்குது. பத்துப் பாயிண்ட் யாரு முதல்ல எடுக்குறாங்களோ அவங்களுக்கு மேட்ச்சு. மணி ஏழரை. சொர்ணத்துக்குச் செவ்வாய்க்கிழமை விரதம். காலையில இருந்து பச்சைத் தண்ணிதான், சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேத்திட்டுத்தான் சாப்பிடுவா. ஆறு மணிக்கு, "விளக்கேத்திட்டு வந்துர்றேங்க"ன்னா. இந்த செட்டு முடியட்டும்னேன். முடிஞ்சுச்சு. தோத்துட்டான். தோத்த நேரத்துல எப்படி விட முடியும்? இன்னும் ஒண்ணுதான், இருன்னேன். இருந்தா.

டை-பிரேக்குல, "தலை சுத்துற மாதிரி இருக்குங்க"ன்னா. நிலையைப் புடிச்சுக்கன்னேன். அப்புறம் பொத்துன்னு ஒரு சத்தம். தம்ளர் ஒண்ணு உருண்டு ஓடுச்சு. நான், "சொர்ணம்?"னு கூப்பிட்டேன். கூப்பிட்டேன் சார். ரெண்டு பாயிண்ட், ரெண்டே பாயிண்ட் கழிச்சு எந்திரிச்சு ஓடிட்டேன். தண்ணி தெளிச்சேன், சீனியை அள்ளி வாயில போட்டேன், முகத்தைத் தொடைச்சு விட்டேன். கண்ணைத் தொறந்து என்ன கேட்டா தெரியுமா? "ஜெயிச்சுட்டானா?"ன்னா. பாத்துக்கங்க. விழுந்து எந்திரிச்ச மனுஷி கேட்ட முதக் கேள்வி. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஜெயிச்சுட்டான் சொர்ணம்னேன். "சரி"ன்னா. எந்திரிச்சுப் போயி விளக்கேத்துனா.

மறுநாள் காலையில பையைக் கட்டி வச்சிருக்கா. "உமா வீடு வரைக்கும் போயிட்டு வர்றேன்." எத்தனை நாள்னு கேட்டேன். "பாப்போம்"னா. நானே ஆட்டோ புடிச்சு பஸ் ஸ்டாண்டுல ஏத்தி விட்டேன். பேரன் பிரணவைப் பாக்கத் தேடுது போலன்னு நினைச்சேன். பஸ் கிளம்புற வரைக்கும் ரெண்டாவது ரவுண்டு எப்பன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். தலையை ஆட்டுனா.

ஐயோ, டபுள் ஃபால்ட், ரெண்டு சர்வீஸும் தப்பு. வயசாச்சுல்ல அவனுக்கு. நாப்பதுக்கு முப்பது. போடு ராசா, போடு... போட்டுட்டான். அஞ்சுக்கு மூணு. இன்னும் ஒரு கேம்தான் சார். ஒரே கேம்.

ரெண்டாவது ரவுண்டுக்கு வாசல்ல ஆள் இல்ல. என்ன செய்ய? அவ சேலை ஒண்ணை எடுத்து, அந்தப் பாசிப்பயறுக் கலர்ல கட்டம் போட்டது, சமையக்கட்டு நிலையில ஆணி அடிச்சுத் தொங்க விட்டேன். அவ நிக்கிற உயரத்துக்கே. சிரிக்காதீங்க. ஜெயிச்சுட்டான்ல! மூணாவது ரவுண்டு, நாலாவது ரவுண்டு, எல்லாம் சேலைதான். எனக்கே கொஞ்சம் தலைக்கு ஏறிருச்சு. ஆள் இல்லாட்டாலும் நாம சமாளிச்சுருவோம்னு.

ஆனா குவார்ட்டர் பைனல்ல பயம் வந்துருச்சு. பெரிய ஆளு எதுத்து ஆடுறான். சேலை தாங்குமான்னு சந்தேகம். உமாவுக்குப் போன் போட்டேன். "உமா, அம்மாவை ஒன் வீட்டு சமையக்கட்டு வாசல்லயாவது கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லும்மா"ன்னேன். "அப்பா, அம்மா சோபாவுல உக்காந்து எங்களோட மேட்ச் பாக்குறாங்க"ன்னா. எப்ப இருந்துன்னேன். "வந்த நாள்ல இருந்து. பிரணவுக்கு எல்லாம் அம்மாதான் சொல்லிக் கொடுக்குறாங்க. ஸ்லைஸ்னா என்ன, செகண்ட் சர்வீஸை எங்க போடுவான், எல்லாம்."

சொர்ணம்! ஒரு ஸ்கோர் கேக்காத சொர்ணம்!

அவகிட்டப் போனைக் கொடுன்னேன். கொடுத்தா. நான் என்ன, கோவப்பட்டா கேட்டேன்? சாதாரணமாத்தான் கேட்டேன். "என்ன சொர்ணம், ஆட்டம் எல்லாம் தெரியுமாமே ஒனக்கு?" அவ என்ன சொன்னா தெரியுமா? இன்னைக்கு வரைக்கும் காதுல கேட்டுக்கிட்டிருக்கு. "அன்னைக்கு நான் மயங்கலைங்க. விழுந்தேன், எந்திரிக்க முடியல, ஆனா காது நல்லாக் கேட்டுச்சு. டை-பிரேக்குல ஆறுக்கு ஆறுல விழுந்தேன். பத்துக்கு எட்டுன்னு சொன்னதுக்கு அப்புறம் வந்தீங்க. நடுவுல ஆறு பாயிண்ட்."

உங்ககிட்ட ரெண்டுன்னு சொன்னேன்ல. எனக்கு ரெண்டு மாதிரித்தான் சார் இருந்துச்சு. ஆட்டம் சூடா இருக்கப்போ நேரம் தெரியாது. ஆனா அவ தரையில கிடந்து ஒவ்வொண்ணா எண்ணியிருக்கா. இப்ப வருவாரு, இப்ப வருவாருன்னு எண்ணியிருப்பா போல.

எப்ப வர்றன்னு மட்டும் கேட்டேன். "பைனல் முடியட்டும், சொல்றேன்"னா. அதான் இன்னைக்கு. அதான் போனைக் கையிலயே வச்சிருக்கேன். நாப்பத்தோரு வருசத்துல அவ எனக்கு 'சொல்றேன்'னு சொன்னது இதான் மொதத் தடவை.

அவன் சர்வீஸ் எடுத்துட்டான். அஞ்சுக்கு நாலு. பரவால்ல, அடுத்தது நம்மாளு போடணும். சேர்ல உக்காந்து வாழைப்பழம் சாப்பிடுறான் பாருங்க. இந்த இடைவேளை ஒண்ணரை நிமிசம்தான்.

அன்னைக்கு குவார்ட்டர் பைனல் ஜெயிச்சான். அவ சோபாவுல உக்காந்திருக்கா, இவன் ஜெயிக்கிறான். அப்ப இத்தனை வருசமா அவ நின்னது? அது ஓசூர் சோபா, அந்த ஊரு ராசி வேறன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். செமி பைனல் அன்னைக்கு மூங்கில் சேர்ல உக்காந்தேன். ஒரு நல்ல பாயிண்ட் அடிச்சான் சார், ஓடிப் போயி, விழுந்து, படுத்துக்கிட்டே அடிச்சான். நான் சட்டுன்னு திரும்பிப் பாத்தேன்.

எப்பவும் பாப்பேன். நல்ல பாயிண்ட்னா சமையக்கட்டுப் பக்கம் திரும்புவேன். அவ, "ம்"னு ஒரு சத்தம் கொடுப்பா. அவ்வளவுதான். நல்லா இருக்குன்னுகூடச் சொல்ல மாட்டா. அந்த "ம்"முக்கு அப்புறம்தான் அந்தப் பாயிண்ட் எனக்கு முடியும். அன்னைக்குத் திரும்புனா சேலை தொங்குது. ஃபேன் காத்துல ஆடுது. எந்திரிச்சுப் போயி சேலையை மடிச்சு பீரோவுல வச்சுட்டு, டி.வி.யை அணைச்சுட்டேன். செமி பைனல் ரிசல்ட்டு மறுநாள் பேப்பர்லதான் பாத்தேன். நான்! பேப்பர்ல!

அதான் இங்க வந்தேன். இங்க நாலு பேரு நடமாடுறாங்க. திரும்புனா யாராவது இருப்பாங்க. இப்ப நீங்க இருக்கீங்க. உங்களை நிக்கச் சொல்லல பாருங்க, உக்காருங்கன்னுதான சொன்னேன். நானும் மாறிட்டேன்ல?

வந்துட்டான். பந்தைத் தட்டுறான். இந்தக் கேமை எடுத்துட்டா கப்பு. பதினஞ்சு வருசம் சார். ச்சே, போச்சு. சைபர்-பதினஞ்சு. இருங்க, எனக்கு ஒண்ணு தோணுது. அவ சோபாவுல இருக்குறப்போ ஜெயிக்கிறான்னா, அவ சோபாவுலதான் இருக்கணும். எந்திரிச்சுரக் கூடாது. ஒரு போன் பண்ணிர்றேன். அதோட மன்னிச்சுக்கன்னும் சொல்லிர்றேன். நல்ல நேரம் இது. ஜெயிக்கிற நேரத்துல சொன்னா மனசு எளகும்.

ஹலோ... சொர்ணம்? நான்தான். கேக்குதா? சொர்ணம், சோபாவுலதான இருக்க? அங்கயே உக்காந்திரு. எந்திரிக்காத, தண்ணி வேணும்னாக்கூடப் பிரணவை எடுத்துட்டு வரச் சொல்லு. ஒரே கேம்தான்... என்னது? எங்க இருக்க?... பார்க்கா?... எந்தப் பார்க்கு?... பைனல் நடக்குது சொர்ணம். தெரியுமா?... தெரிஞ்சுமா போயிட்ட?... எப்ப இருந்து?... ம்... ம்... கேக்குது. பிள்ளைங்க சத்தம் கேக்குது... சரி, அதை விடு. நீ எப்ப வர்ற? சொல்றேன்னு சொன்னீல்ல... ம்... சாப்பிட்டேன்... கடையிலதான், ரெண்டு இட்லி... மாத்திரை போட்டேன்... ம். சரி. சரி, வச்சிடு.

பார்க்குல இருக்காளாம் சார்.

உமா வீட்டுப் பக்கத்துல ஒரு பார்க்கு இருக்காம். சாயங்காலமானா அங்க இருக்கிற பொம்பளைகளோட உக்காந்து பேசுவாளாம். மேட்ச்சு ஆரம்பிச்சப்பவே, பிரணவ்கிட்ட நீ பாருடான்னு சொல்லிட்டு வந்துட்டாளாம். நான் இங்க ஆறரை மணியில இருந்து, அவ அங்க சோபாவுல உக்காந்து பாத்துக்கிட்டிருக்கான்னு நினைச்சுக்கிட்டு ஒவ்வொரு பாயிண்டா எண்ணிக்கிட்டிருக்கேன்.

எப்ப வர்றன்னு கேட்டேன்ல. "எனக்கு இங்க நல்லா இருக்குங்க"ன்னா. கோவமாச் சொல்லல. கோவமாச் சொல்லியிருந்தா பதில் சொல்லியிருப்பேன், சமாதானம் பண்ணியிருப்பேன். நாப்பத்தோரு வருசத்துல அவ கோவத்துக்கு என்ன பதில்னு எனக்குத் தெரியும். இது அப்படியில்ல. அந்தப் பொம்பளைகளோட சிரிச்சுக்கிட்டிருந்துட்டு, அந்தச் சிரிப்போடயே போனை எடுத்து, அந்தச் சிரிப்பு கொஞ்சம் மிச்சம் இருக்கையிலயே சொன்னா. அப்புறம் சாப்பிட்டீங்களான்னு கேட்டா. மன்னிச்சுக்கன்னு சொல்ல வந்தேன். எந்த இடத்துல சொல்றதுன்னு தெரியல.

என்ன சத்தம்?

முடிஞ்சுருச்சா? எப்ப முடிஞ்சுச்சு? ஜெயிச்சுட்டான், ஆமா, கீழ படுத்துக் கெடக்கான் பாருங்க, வெள்ளைச் சட்டையெல்லாம் மண்ணு. நான் போன்ல முதுகைக் காட்டிக்கிட்டு நின்னுட்டேன். கடைசிப் பாயிண்டை நீங்க பாத்தீங்களா? எப்படி அடிச்சான்? நீங்களும் என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தீங்களா? அது சரி.

அழுகுறான் பாருங்க. கேலரியில இருந்து அவன் பொஞ்சாதி எறங்கி வர்றா. பதினஞ்சு வருசமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன் சார். இவன் ஜெயிச்சா தெரு முழுக்க லட்டு கொடுக்கணும்னு வச்சிருந்தேன். இப்ப சந்தோசமே வரல. பயமாத்தான் இருக்கு. அவ வர மாட்டா சார். வர மாட்டேன்னு அவ சொல்லல, ஆனா வர மாட்டா. எனக்குத் தெரியுது. வீட்டுக்குப் போயி கதவைத் தொறக்க எனக்குப் பயமா இருக்கு.

உங்க வீட்டுக்காரம்மா கூப்பிடுறாங்க பாருங்க, பில்லு போட்டாச்சு போல. எந்திரிங்க, எந்திரிங்க, இனி ஒண்ணுமில்ல, தாராளமா எந்திரிக்கலாம். முன்னாடி தொறக்குறதா எடுத்திருக்காங்க? நல்லது. போயிட்டு வாங்க.

ஏம்மா, இங்க வாம்மா. இல்லம்மா, டி.வி. இல்ல. இந்தக் கடை எத்தனை மணி வரைக்கும் தொறந்திருக்கும்? ஒம்பதரையா? சரிம்மா. அதுவரைக்கும் இங்க உக்காந்துக்கிறேன்.